எட்டு கேள்விக்கு நான், ஒன்பதாவதுக்கு அவள்

எங்கள் ஊர்ப்பக்கம் ஒருத்தன் துக்கமாக உட்கார வேண்டுமென்றால் கையில் காரணம் இருக்க வேண்டும். வீட்டில் ஒரு சாவு, பயிர் மூழ்கியது, பக்கத்து மனைக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டது, இப்படி ஏதாவது. எதுவும் இல்லையென்றால் குடி. இதில் ஒன்றைக் காட்டினால் ஊர் உங்களை உட்கார விடும், டீகூட வாங்கிக் கொடுக்கும். என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. வீடு ஒழுகவில்லை. பொண்டாட்டி நல்லவள். பையன் என்னைவிட நன்றாகவே படிக்கிறான். குடிப்பழக்கமும் கிடையாது; பாண்டிச்சேரி மண்ணில் பிறந்து அது இல்லாததே ஒரு குறை என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படிப்பட்டவனுக்குக் காலையில் கண் விழித்தால் நெஞ்சில் ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கின மாதிரி இருக்கிறது என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? "இன்னாடா கொற உனக்கு?" என்பார்கள். எனக்கே பதில் தெரியாது.

இதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று இருந்தது: ஊரையே சிரிக்க வைக்கிறவன் என்று எனக்குப் பெயர். பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாண வரவேற்பு என்று எங்கே மைக் செட் கட்டினாலும் மைக்கைப் பிடிக்கிறவன் நான்தான். தாய்மாமன் சீர் வருகிறது என்று அறிவிப்பதற்குள் தாய்மாமனின் தொப்பை, அவர் வண்டி, அவர் வைத்த மாலையின் நீளம் எல்லாவற்றையும் கிண்டலடித்து முடித்திருப்பேன். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஏனென்றால் முதலில் என்னைத்தான் கிண்டலடிப்பேன். என் கறுப்பு, என் வழுக்கை, என் பல். அதற்குப் பிறகு யாரை எது சொன்னாலும் செல்லும். பிழைப்பு மட்டும் திருபுவனை தொழிற்பேட்டையில். பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனி. மூடி ஒழுங்காக மூடுகிறதா என்று திருகித் திருகிப் பார்க்கிற வேலை எனக்கு. "ஊர்ல இருக்கிற பாட்டில் வாயெல்லாம் மூடுற, உன் வாய மூட ஒரு மூடி செய்யலயேடா உங்க கம்பெனி" என்பார் மச்சான். மச்சான் என்பது என் மனைவியின் அண்ணன். வில்லியனூரில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவர்.

சாக்கு நெஞ்சில் ஏறிச் சில மாதம் ஆனபிறகு, ஒரு நாள் வேலைக்குப் போகும்போது கரிக்கலாம்பாக்கம் தாண்டினதும் வண்டியை ஓரங்கட்டினேன். பெட்ரோல் இருந்தது. டயரில் காற்று இருந்தது. ஆள்தான் பஞ்சர். அங்கே நெல் வயலைத் தூர்த்து மனை போட்டிருந்தார்கள். மஞ்சள் பூசின கல், கலர் கலராகக் கொடி, ஒரு தகரக் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு கல்லின் மேல் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் ஷிஃப்ட் முடிகிற நேரம் வரை எழுந்திருக்கவில்லை. பிறகு வேலை முடிந்து வருகிறவன் முகத்தை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாளும் அதே கல், அதற்கப்புறமும் தினம் அதே கல். கம்பெனிக்குப் போன் போட்டு வயிற்றுப்போக்கு என்றேன். அத்தனை நாள் ஒருத்தனுக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஆளே மிச்சம் இருந்திருக்க மாட்டான். அவர்களும் கேட்டுக்கொண்டார்கள்.

மனை விற்கிற தரகர் இரண்டு நாள் தூரத்திலிருந்து பார்த்தார். மூன்றாம் நாள் மோர் பாக்கெட்டோடு வந்தார்.

"சார் மாதிரி மண்ண பாத்து வாங்குறவங்க இப்ப இல்ல சார். எல்லாம் கார்ல வர்றான், கண்ணாடிய எறக்காமயே அட்வான்ஸ் குடுத்துட்டுப் போறான்."

நான் ஒன்றும் பேசவில்லை. அதையும் அவர் என் விவரமாக எடுத்துக்கொண்டார். தினமும் மோர். கிழக்குப் பார்த்த மனை, மேற்குப் பார்த்த மனை, நாளைக்கு இங்கே பைபாஸ் வரும் என்கிற செய்தி. போன் நம்பர் கேட்டார். என் நம்பரைக் கொடுத்தால் நச்சரிப்பாரே என்று புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தேன். மனைவி நம்பரைக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் வாசலில் வண்டியை நிறுத்தும்போதே அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"யாருக்குய்யா மன வாங்குற?"

"என்ன மன?"

"கரிக்கலாம்பாக்கத்துல. சார் காலைலேந்து சாயங்காலம் வரைக்கும் பிளாட்லயே உக்காந்துகீறாரு, ரொம்பப் புடிச்சிப்போச்சி போல, மேடமும் ஒரு வாட்டி வந்து பாருங்கன்னு போன் பண்றான். யாரு அவ?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். இன்னொருத்திக்கு மனை வாங்குகிறவன் என்றால் ஊரில் ஒரு கெத்தாவது இருக்கும். ஒரு காரணமும் இல்லாமல் கல்லில் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்வதற்கு வாய் வரவில்லை. கடைசியில் "வேலைக்குப் போவ முடியல" என்றேன். "ஏன்?" என்றாள். "தெரியல." அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

மச்சான் வந்து என் கண் இமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். தண்ணீர் கேன் போடுகிற வீடுகளில் கேட்டுவந்த வைத்தியம் எல்லாம் அவருக்குத் தெரியும். அப்படி ஒரு வீட்டில்தான் சொல்லியிருக்கிறார்கள்: அரசு ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒரு நாள் கவுன்சலிங் மேடம் வருகிறார், கேள்வி கேட்டே மனசில் இருப்பதை அளந்துவிடுகிறார். "வா மாப்ள, அளந்துட்டு வந்துடலாம்" என்றார், என்னவோ துணிக்கடைக்குப் போகிற மாதிரி.

எங்கள் பக்கம் யாரும் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போவதில்லை. கூட ஒருத்தர் போவார். போகிறவர் சும்மா உட்கார மாட்டார். நோயாளிக்குப் பதில் அவர்தான் பேசுவார். எங்கே வலிக்கிறது, எத்தனை முறை வெளியே போனான், எல்லாம் அவர் வாயாலேதான் வரும். நோயாளி வாயைத் திறந்தால் மரியாதைக் குறைவு மாதிரி. அன்றைக்கு ஊசி போடுகிற அறைக்கு எதிர் பெஞ்சில் நாங்கள் காத்திருந்தபோது, துணி மறைப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவருக்கு ஞாபக சக்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவரின் மகன் கூட இருந்தார்.

"ஐயா, நூறுல ஏழு போனா எவ்ளோ?" மேடத்தின் குரல்.

"எங்க போச்சி?" பெரியவர்.

"தொண்ணூத்தி மூணு மேடம்" என்றது மகன் குரல்.

"நீங்க சொல்லக்கூடாது அண்ணா. அவர்தான் சொல்லணும்."

"அவருக்குத்தான் மறதியாச்சே மேடம், அதான் நான் சொல்றேன்."

நான் சிரித்தேன். பெஞ்சே சிரித்தது. அடுத்தது நம்ம கதை என்று அப்போது தோன்றவில்லை.

மேடம் சின்ன வயசு. என் தங்கச்சி வயசுகூட இருக்காது. அட்டையில் தாளைக் கிளிப் மாட்டி வைத்திருந்தார். மச்சான் எனக்கு முன்னாலேயே போய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முதலில் குடியைப் பற்றி ஒரு தாள். எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை, ஒரு தடவைக்கு எவ்வளவு, ஆரம்பித்தால் நிறுத்த முடிகிறதா என்று வரிசையாகக் கேட்டார். நான் பழக்கமில்லை என்று தலையாட்டுவதற்குள் மச்சான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அது வேலைய பொறுத்து மேடம். கேன் ஜாஸ்தி ஏத்துன நாள்ல ஒரு குவாட்டர். மழை வந்தா…"

"இவருக்கா?"

"இல்ல…" மச்சான் முகம் சிவந்துபோய்த் துண்டால் துடைத்துக்கொண்டார். "பொதுவா சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் நான் கெட்டேன். ஒரு சிரிப்பு கிளம்பிவிட்டால் எனக்கு மைக் கையில் வந்த மாதிரி. அடுத்த தாளை மேடம் எடுத்தார். ஒன்பது கேள்வி. கடந்த இரண்டு வாரத்தை நினைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். இல்லவே இல்லை, சில நாள், பாதி நாளுக்கு மேல், ஏறக்குறைய தினமும்: இந்த நாலில் ஒன்று. அவ்வளவுதான். நாலே பதில், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். உண்மையைச் சொல்ல எவ்வளவு வசதி!

"எதுலயும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாம இருந்ததா?"

"பொறந்ததுலேந்தே மேடம். எங்கம்மா சொல்வாங்க, அழக்கூட ஆர்வமில்லாமதான் பொறந்தனாம்."

மேடம் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை. தூக்கம் எப்படி என்று கேட்டதற்கு மச்சான் முந்திக்கொண்டார்: "இவன் கொறட்டைக்குப் பக்கத்து வூட்டு நாய் எழுந்து வந்து பாக்கும் மேடம்." மச்சான் என் குறட்டையைக் கேட்டது போன வருஷப் பொங்கலுக்கு. இரண்டு மாதமாக நான் விடிவதற்கு வெகு முன்னாலேயே விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பசிக்கும் அவரே பதில். "எங்க வூட்ல ஆறு தோச சாப்ட்டான்." அந்த ஆறு தோசையை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று உள்ளே தள்ளினேன். சோர்வு? "அதுதான் மேடம் என் ஒடம்போட ஒரிஜினல் கலர்." நான் உருப்படாதவன், குடும்பத்துக்குத் தலைகுனிவு என்று தோன்றுகிறதா?

அது ஆறாவது கேள்வி. தினமும் மேடம் என்று சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோ என் மனைவியின் அண்ணன். தங்கச்சியை என் கையில் பிடித்துக் கொடுத்தவர். அவர் முன்னால் நான் உருப்படாதவன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதா?

"அத நான் வேற நெனைக்கணுமா மேடம்? எங்க மாமனாரு தாலி கட்டுன அன்னிக்கே நெனச்சிட்டாரு."

மச்சான் தொடையில் அடித்துச் சிரித்தார். ஏழாவது, எட்டாவது இரண்டும் அப்படியே ஓடின. ஏழாவதாகக் கவனம் சிதறுகிறதா என்று கேட்டபோது "நீங்க இன்னா கேட்டீங்க?" என்றேன், பழைய ஜோக், எப்போதும் ஓடும். ஒன்பதாவதை மேடம் தாளைப் பார்த்துப் படிக்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இருக்கிறதைவிடச் செத்துட்டா தேவலன்னு எப்பவாவது தோணுச்சா? உங்களை நீங்களே ஏதாவது பண்ணிக்கலாம்னு?"

மச்சான்கூட வாயைத் திறக்கவில்லை. நான் மேடத்தைப் பார்க்கவில்லை. மச்சானைப் பார்த்துச் சொன்னேன்:

"அது எனக்கு எதுக்கு மேடம் தோணும்? என்ன கட்டிக்கிட்டாளே, அவளுக்குல்ல தோணணும்."

மச்சான் மறுபடியும் சிரித்தார். மேடம் மட்டும் இந்தத் தடவை சிரிக்கவில்லை. கூட்டினார். பதிலுக்கு மார்க்காம், மொத்தம் இருபத்தேழுக்கு இரண்டோ மூன்றோ வந்தது.

"இன்னிக்கு நீங்க சொன்னத வெச்சிப் பாத்தா ஒண்ணும் பெருசா இல்ல" என்றார். "நல்லா பேசறீங்க அண்ணா. ஆனா என் தாள்ல ஜோக்குக்குக் கட்டம் இல்ல. அடுத்த வாரம் இன்னொரு தடவ வாங்க. தனியா வந்தாலும் பரவாயில்ல. நடுவுல கஷ்டமா இருந்தா உடனே வாங்க, நாள் பாக்காதீங்க."

எங்கள் வீட்டுக்கு வந்ததும் மச்சான் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார். "ஒண்ணும் இல்லமே! அளந்தாச்சி! அந்த மேடமே சிரிச்சி சிரிச்சி கண்ணத் தொடச்சிக்கிச்சி." ஒவ்வொரு கேள்வியாக, என் ஒவ்வொரு பதிலாக, நடித்தே காட்டினார். மனைவி அடுப்படி வாசலில் நின்று கேட்டாள். அன்று வஞ்சிர மீன் வாங்கிவந்து குழம்பு வைத்தாள். நான் சப்புக்கொட்டிச் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? ஒன்றும் இல்லை என்று கணக்கே சொல்லிவிட்டதே. இனிமேல் கல்லில் உட்கார்ந்தால் அதற்குப் பெயர் திமிர்.

கல்லுக்கு மட்டும் போகவில்லை. வேலைக்குப் போனேன், மூடி திருகினேன். சாக்கு அப்படியே இருந்தது. இன்னும் நனைந்து கனத்தது. திட்டி அனுப்பியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது. நானே வாயால் பொய் சொல்லிப் பாஸ் வாங்கிக்கொண்டு வந்தவன். ஒன்றுமில்லாததற்குத் துக்கப்படுகிறவன் என்ற வெட்கத்தின் மேல், கேட்டபோதுகூடச் சொல்லாதவன் என்கிற வெட்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரில் ஒரு காதுகுத்து. பந்தல் நிறையக் கூட்டம். மனைவியும் வந்திருந்தாள், பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசை. தாய்மாமன் சீர்த் தட்டுகளோடு வந்துகொண்டிருந்தார். மைக்கை எடுத்தேன். "இதோ வருகிறார்…" என்றேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. தொப்பை வரவில்லை, மாலை வரவில்லை. தலைக்குள் வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது. மைக் ஆன்லேயே இருந்தது. வேப்பமரத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கரில் என் மூச்சு எனக்கே கேட்டது, பெரிதாக, ஊருக்கே கேட்கிற மாதிரி. உஸ்… உஸ்…

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தாய்மாமன் தொப்பையைப் பார்த்து மூச்சு வாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். தாய்மாமனே தொப்பையைத் தடவிக் காட்டினார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் நான் அங்கேயே பூமிக்குள் போய்விட மாட்டேனா என்றிருந்தது. எதையாவது பேசி அந்த மூச்சை மறைக்க வேண்டும். கையில் கிடைத்ததை எடுத்தேன்.

"அமைதி, அமைதி! ஆஸ்பத்திரிலேந்து ஒன்பது கேள்வி வந்துருக்கு. பதில் சொன்னாத்தான் பந்தி. கடந்த ரெண்டு வாரமா…"

மேடத்தின் குரலிலேயே கேட்டேன். "மாமா, எதுலயும் ஆர்வம் இல்லாம இருக்கீங்களா?" "பந்தில மட்டும் இருக்கு!" என்று ஒரு குரல். "பெரியம்மா, தூக்கம் வருதா?" "உன் பேச்சக் கேட்டா வருது!" பந்தல் குலுங்கியது. எனக்கும் வண்டி ஓடத் தொடங்கியது. ஒன்று, இரண்டு என்று விரல் மடக்கிக் கேட்டுக்கொண்டே போனேன். எட்டு முடிந்தது. அங்கே நிறுத்தி, "சரி, எல்லாரும் பாஸ், எல போடுங்கப்பா!" என்றேன். கைதட்டல். யாரும் எண்ணவில்லை என்று நினைத்தேன்.

சாப்பிட்டுவிட்டுப் பாகூர் ஏரிக்கரை வழியாக வண்டியில் வந்துகொண்டிருந்தோம். நல்ல வெயில். மனைவி பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச தூரம் வந்ததும் கேட்டாள்.

"ஒம்போதுன்னுதானே சொன்ன?"

"எது?"

"கேள்வி. எட்டுதான் கேட்ட."

"பந்திக்கு நேரமாச்சி."

"ஒம்போதாவது இன்னா?"

"மறந்துபோச்சி."

"எனக்குத் தெரியும்" என்றாள். "அண்ணன் சொல்லிச்சே. எல்லாத்தையும் நடிச்சிக் காட்டிச்சே."

நான் ஆக்சிலேட்டரை முறுக்கினேன். வண்டி போனதே தவிரப் பேச்சு பின்தங்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் ஓர் அடி தூரத்தில்தானே இருந்தது.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேந்து பாக்கறன், நீ உன்னத்தான் கிண்டலடிப்ப. அங்கயும் எட்டு கேள்விக்கும் உன்னையேதான் கிண்டலடிச்சிகீற. உன் கலரு, உன் ஒடம்பு, எங்கப்பன் உன்னப் பாத்து நெனச்சது, எல்லாம் உன்ன வெச்சி. ஒம்போதாவதுக்கு மட்டும் என்ன வெச்சி அடிச்சிகீற. ஏன்?"

நான் இன்னும் முறுக்கினேன்.

"உன்ன வெச்சி அடிச்சா அது ஜோக்கா இருக்காதுன்னா?"

வண்டியை நிறுத்தினேன். நிறுத்தாவிட்டால் விழுந்திருப்போம், கண் தெரியவில்லை. அவள் இறங்கி முன்னால் வந்து நிற்கவில்லை. பின்னாலேயே உட்கார்ந்திருந்தாள், என் முகத்தைப் பார்க்காமல். அதற்கு இன்றைக்கும் நன்றி. ஒரு பஸ் போனது. அதில் யாரோ எனக்குக் கையாட்டி, "அண்ணே, ஒம்போது கேள்வி சூப்பர்!" என்று கத்தினார்கள். நானும் கையாட்டினேன். அழுதுகொண்டே கையாட்டுகிறவனை அந்தப் பஸ்ஸில் இருந்தவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

"நாளைக்குப் போலாம்" என்றாள்.

"மேடம் வர்ற நாள் புதன்கிழமதான்."

"நாள் பாக்க வேணாம்னு சொல்லுச்சாமே. அதையுந்தான் அண்ணன் நடிச்சிக் காட்டிச்சி."

மறுநாள் நாங்கள் போய்க் கேட்டதும் ஆஸ்பத்திரியில் மேடத்துக்குப் போன் போட்டார்கள், அவர் வேறு ஊரிலிருந்து மதியத்துக்குள் வந்துவிட்டார். அதே பெஞ்ச். தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். "இன்னாண்ணே, இங்க?" நான் "சுகரு" என்று ஆரம்பித்தேன். மனைவி என் முழங்கையில் இடித்து, "கவுன்சலிங்குக்கு வந்துகீறோம்" என்றாள். கேட்டவன் ஒரு நொடி விழித்துவிட்டு, "ஓ, மைக்கா? நிகழ்ச்சியா?" என்றான். என் நிலைமை அப்படி. நான் அழ வந்தாலும் நிகழ்ச்சி நடத்த வந்ததாகத்தான் நினைப்பார்கள்.

உள்ளே கூப்பிட்டதும் மனைவியும் எழுந்தாள். வழக்கப்படி அவள்தானே பேச வேண்டும். மேடம் சொன்னார், "அக்கா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. இவர் சொல்றது இவர் வாயாலயே வரட்டும்." அவள் தயங்கினாள். "இவருக்குச் சொல்ல வராது மேடம்" என்றாள். "வர்ற வரைக்கும் நான் இருக்கேன்" என்றார் மேடம்.

அதே தாள். முதலிலிருந்து அதே கேள்விகள், அதே நாலு பதில். பக்கத்து நாற்காலி காலி. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு ஜோக் ஓடிவந்து நாக்கு நுனியில் நின்றது, கூப்பிட்டால் வருகிற நாய் மாதிரி. போ, போ என்று விரட்டிவிட்டுப் பதில் சொன்னேன். தூக்கம்: தினமும். சோர்வு: தினமும். உருப்படாதவன் என்று: தினமும். சட்டையைக் கழற்றி, பனியனைக் கழற்றி, இன்னும் என்ன கழற்றச் சொல்வார்களோ என்று நிற்கிறவன் மாதிரி இருந்தது எனக்கு. காது இரண்டும் சுட்டது. ஆயிரம் பேர் முன்னால் மைக் பிடித்தவன் அந்தச் சின்னப் பெண் முன்னால் தரையைப் பார்த்து, வாய்க்குள்ளேயே பேசினேன். "கொஞ்சம் சத்தமா அண்ணா" என்றார். என்னிடம் யாரும் அதுவரை சொல்லாத வார்த்தை.

ஒன்பதாவது வந்தது.

"சில நாள்" என்றேன்.

அவர் பதறவில்லை. குறித்துக்கொண்டார். பேனாவை வைத்துவிட்டு இன்னும் சில கேள்விகள் கேட்டார், அவை அந்தத் தாளில் இல்லாதவை. எப்போது தோன்றுகிறது, ஏதாவது செய்ய யோசித்ததுண்டா, எது தடுக்கிறது. சொன்னேன். ஏதாவது செய்ய வேண்டும் என்று இல்லை, இல்லாமல் போய்விட்டால் நிம்மதி என்று மட்டும், அந்தக் கல்லில் உட்கார்ந்திருக்கும்போது. தடுப்பது பையன், இவள். "காரணம் ஒண்ணும் இல்ல மேடம்" என்று கடைசியில் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னேன். "காரணம் இருந்தாத்தான் காய்ச்சல் வரணும்னு இருக்கா?" என்றார். "காய்ச்சல் இருக்கு. இன்னிக்குத்தான் கருவிய சரியா வெச்சிருக்கோம்." டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதினார். மாத்திரை இருக்கும், பேச்சும் இருக்கும், கொஞ்ச நாள் யாராவது கூடவே இருக்க வேண்டும் என்றார்.

"அக்காவக் கூப்பிடட்டுமா? ஒன்பதாவதுக்கு நீங்க சொன்ன பதில் அவங்களுக்குத் தெரியணும்."

"நீங்களே சொல்லிடுங்க மேடம்."

"நான் இங்கயே இருக்கேன். நீங்க சொல்லுங்க."

மனைவி வந்து உட்கார்ந்தாள், பையை மடியில் வைத்துக்கொண்டு. நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் ஒரு ஜோக் வந்தது. நல்ல ஜோக். பந்தலையே தூக்கியிருக்கும். என் உதடு அதற்கென்று வளைவதை அவள் பார்த்துவிட்டாள்.

"வாணாம்யா" என்றாள், மெதுவாக.

"சில நாள்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். ஏதோ சந்தையில் விலை கேட்டுக்கொண்ட மாதிரி, ஒரே ஒரு தடவை. பிறகு பைக்குள் கையை விட்டு எதையோ தேடினாள், தேடிக்கொண்டே இருந்தாள், ஒன்றையும் எடுக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க என்னை வேலைக்குக் கொண்டுபோய் விட்டது அவள்தான். வண்டியை நான் ஓட்டுவேன், அவள் பின்னால் வருவாள், கம்பெனி கேட் வரை வந்துவிட்டுப் பஸ் பிடித்துத் திரும்புவாள். "இன்னாண்ணே, எல்கேஜில சேத்துருக்காங்களா?" என்று கேட்டான் செக்யூரிட்டி. அவன் ஜெயித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

முதல் நாள் கரிக்கலாம்பாக்கம் தாண்டும்போது என் தோளைத் தட்டினாள்.

"நிறுத்து. எந்தக் கல்லு?"

காட்டினேன். மற்றக் கல்லில் எல்லாம் மஞ்சள் பளபளவென்று இருந்தது. அந்த ஒரு கல்லில் மட்டும் உச்சியில் பெயிண்ட் தேய்ந்து சாம்பல் நிறம் தெரிந்தது. என் பேண்ட் செய்த வேலை. எங்கேயாவது ஓடிப்போகலாம் போலிருந்தது. அவள் புடவையை ஒதுக்கிக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்தாள். வயலாக இருந்த இடத்தைப் பார்த்தாள், கொடிகளைப் பார்த்தாள். நான் வண்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், வாத்தியார் நோட்டைத் திருத்தும்போது நிற்கிற மாதிரி.

கொட்டகையிலிருந்து தரகர் ஓட்டமும் நடையுமாக வந்தார். கையில் இரண்டு மோர் பாக்கெட்.

"வாங்க மேடம், வாங்க! சார் இத்தினி நாளா உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தாரு. பாத்தீங்களா மனைய? எப்பிடி?"

அவள் எழுந்து புடவையில் ஒட்டின மண்ணைத் தட்டினாள்.

"பாத்துட்டேன்" என்றாள். "புடிக்கல. இவரு இனிமே இங்க வரமாட்டாரு."

மோர் பாக்கெட் இரண்டையும் வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள். ஒன்றை என்னிடம் நீட்டினாள்.